உளவு, பயங்கரவாதம், பாதுகாப்பு: பல்கலைக்கழகத்தில் படிக்க விரும்புவோருக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

1951 மார்ச்சில் சிஐஏ-வின் மதிப்பீட்டு அலுவலகம் ஓர் அறிக்கை தயாரித்தது. சோவியத் அணி அந்த ஆண்டே யூகோஸ்லாவியா மீது படையெடுக்குமா என்பது கேள்வி. 'தீவிரமாகக் கருத வேண்டிய சாத்தியம்' என்று எழுதி அனுப்பினார்கள். அதைப் படித்த வெளியுறவுத் துறை அதிகாரி ஒருவர், அறிக்கைக்குப் பொறுப்பானவர்களில் ஒருவரான ஷெர்மன் கென்டிடம் "அப்படியென்றால் எவ்வளவு?" என்று பேச்சுவாக்கில் கேட்டார். நூற்றுக்கு 65 என்றார் கென்ட். கேட்டவர் திடுக்கிட்டுப் போனார். அவரும் அவருடைய சகாக்களும் அதைவிட மிகக் குறைவாக நினைத்திருந்தார்கள். கென்ட் திரும்பிப் போய்த் தன் குழுவினரிடம் கேட்டால், ஒருவர் 20 என்கிறார், இன்னொருவர் 80 என்கிறார். அத்தனை பேரும் சேர்ந்து ஒப்புக்கொண்ட வாக்கியம் அது.

இந்தப் படிப்பு எதைப் பற்றியது என்று யாராவது கேட்டால் நான் முதலில் சொல்வது இந்தக் கதையைத்தான். தெரிந்தது எது, ஊகித்தது எது, தெரியாதது எது என்று பிரித்துச் சொல்லப் பழகுவதுதான் இதன் உயிர். துப்பாக்கியும் மாறுவேடமும் இதில் வராது. நானும் இந்தத் துறையில் முதுகலை முடித்தவன். சில ஆண்டுகளாக இதற்கு விண்ணப்பிக்கும் மாணவர்களின் எஸ்ஓபி-களை, அதாவது ஏன் படிக்க விரும்புகிறோம் என்று எழுதும் நோக்கக் கட்டுரைகளை, படித்துத் திருத்திக் கொடுத்து வருகிறேன். ஆரம்பத்திலேயே தெரிந்திருந்தால் நன்றாக இருந்திருக்குமே என்று அவர்கள் சொல்பவற்றை வரிசையாக இங்கே எழுதுகிறேன்.

படி 1: மூன்று சொற்களையும் தனித்தனியே புரிந்துகொள்ளுங்கள்

படிப்பின் பெயரில் மூன்றும் ஒன்றாக ஒட்டிக்கொண்டிருந்தாலும் மூன்றும் வேறு வேறு வீட்டுப் பிள்ளைகள்.

முதலில் உளவு. 'இன்டெலிஜென்ஸ்' என்ற ஆங்கிலப் பெயரை அப்படியே இணையத்தில் மொழிபெயர்த்தால் 'நுண்ணறிவு' என்று வரும். செயற்கை நுண்ணறிவுப் படிப்பு என்று நினைத்து ஏமாறாதீர்கள். அரசுகள் எப்படித் தகவல் திரட்டுகின்றன, அதை எப்படி ஆராய்கின்றன, ஆட்சியாளர்கள் அதை எப்படிப் பயன்படுத்துகிறார்கள் அல்லது ஒதுக்குகிறார்கள் என்பதுதான் பாடம். இது பெரும்பாலும் வரலாற்றுத் துறையிலிருந்து கிளைத்தது. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டனின் பிளெட்ச்லி பார்க்கில் ஜெர்மானியர்களின் சங்கேதங்களை உடைத்த செய்தி 1974 வரை பொதுமக்களுக்குத் தெரியாது. பிரிட்டனின் எம்ஐ6 என்ற வெளிநாட்டு உளவு அமைப்புக்குச் சட்டப்படி ஓர் அடையாளம் கிடைத்ததே 1994 இல்தான். அமெரிக்காவில் 1975 இல் செனட் அமைத்த சர்ச் கமிட்டி, உளவு அமைப்புகளின் அத்துமீறல்களை வெளியே கொண்டுவந்தது. இப்படிக் கதவு கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்கத் திறக்கத்தான் இந்தத் துறை வளர்ந்தது.

பயங்கரவாத ஆய்வு அரசியலறிவியல், உளவியல், சமூகவியல் மூன்றும் கலந்தது. ஒரு சிலர் ஏன் வன்முறைக்குப் போகிறார்கள், அதே சூழலில் இருக்கும் பெரும்பான்மையோர் ஏன் போவதில்லை, குழுக்கள் எப்படித் தொடங்குகின்றன, எப்படி முடிகின்றன என்பவை இதன் கேள்விகள்.

பாதுகாப்பு என்பது இவற்றில் மிக அகலமானது. யாருடைய பாதுகாப்பு என்ற கேள்வியே இங்கே சர்ச்சைக்குரியது. எல்லையைக் காப்பது மட்டும்தானா? ஐநா-வின் 1994 ஆம் ஆண்டு மனித வளர்ச்சி அறிக்கை, பசி, நோய், வேலையின்மை ஆகியவற்றிலிருந்து மனிதரைக் காப்பதும் பாதுகாப்பே என்றது. கோபன்ஹேகன் பள்ளி என்று அழைக்கப்படும் பேரி புசான், ஓலே வேவர் போன்றோர் வேறொரு கோணத்தைக் காட்டினார்கள்: ஒரு பிரச்சினையை 'இது நம் இருப்புக்கே ஆபத்து' என்று ஓர் அரசு அறிவித்து, கேட்பவர்களும் அதை ஏற்றுக்கொண்டால், வழக்கமான விதிகளை ஒதுக்கி வைக்க அதற்கு வழி கிடைத்துவிடுகிறது. செய்தி படிக்கும்போது இந்த ஒரு கருத்தை மனதில் வைத்துப் படித்துப் பாருங்கள். அமைச்சர்களின் பேச்சு வேறு மாதிரி கேட்கும்.

இந்த மூன்றில் எது உங்களை இழுக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் கல்லூரி, மாட்யூல் (பாடப்பிரிவு), ஆய்வேடு எல்லாமே அமையும்.

படி 2: பணம் கட்டுவதற்கு முன் மூன்று மாதம் சோதித்துப் பாருங்கள்

இதற்கு ஒரு காசும் செலவில்லை. இந்தத் துறையின் மிகச் சிறந்த பாடநூல்கள் சில அரசு விசாரணை அறிக்கைகள். அவை இலவசமாகவே கிடைக்கின்றன. 2004 இல் வெளியான 9/11 ஆணைய அறிக்கையிலிருந்து தொடங்குங்கள். தாக்குதல் நடத்தியவர்களில் இருவரைப் பற்றி 2000 ஜனவரியிலிருந்தே சிஐஏ-வுக்குத் தெரியும். 2001 ஜூலையில், விமானப் பயிற்சிப் பள்ளிகளில் சேரும் சிலரைக் கவனிக்க வேண்டும் என்று ஃபீனிக்ஸ் நகரத்து எஃப்பிஐ அதிகாரி ஒருவர் குறிப்பு அனுப்பினார். ஆகஸ்டில் மினசோட்டாவில் விமானப் பயிற்சியில் இருந்த ஒருவர் கைதானார். மூன்றும் மூன்று மேஜைகளில் கிடந்தன.

இதைப் படித்ததும் 'இவ்வளவு தெளிவாக இருந்திருக்கிறதே, ஏன் கோட்டை விட்டார்கள்?' என்று கோபம் வரும். அங்கேதான் படிப்பு தொடங்குகிறது. நடந்து முடிந்த பின் பார்ப்பவருக்கு அந்த மூன்று துணுக்குகள் மட்டுமே கண்ணில் படும். அன்றைக்கு மேஜையில் உட்கார்ந்திருந்தவர் முன் அவற்றோடு ஆயிரக்கணக்கான வேறு துணுக்குகளும் இருந்தன. 1941 இல் அமெரிக்கக் கடற்படைத் தளம் மீது ஜப்பான் நடத்திய பேர்ல் ஹார்பர் தாக்குதலை ஆராய்ந்த ராபர்ட்டா வோல்ஸ்டெட்டர் 1962 இலேயே இதைச் சொன்னார்: தகவல் இல்லாமல் போனதல்ல சிக்கல், இரைச்சலுக்குள் அது மூழ்கிப்போனதுதான்.

அடுத்து ஈராக் போர் பற்றிய பிரிட்டனின் விசாரணைகள். 2004 இன் பட்லர் அறிக்கையையும், 2016 இல் 12 தொகுதிகளாக வந்த சில்காட் அறிக்கையின் சுருக்கத்தையும் படியுங்கள். நெதர்லாந்தின் லைடன் பல்கலைக்கழகம் கோர்செரா என்ற இணையக் கல்வித் தளத்தில் பயங்கரவாதம் பற்றி ஒரு பாடம் வைத்திருக்கிறது, அதையும் பார்க்கலாம்.

மூன்று மாதம் கழித்து உங்களையே கேளுங்கள். நூறு பக்க அறிக்கையின் அடிக்குறிப்பில் நேரம் போவது தெரியாமல் உட்கார்ந்தீர்களா? அப்படியென்றால் தாராளமாக விண்ணப்பியுங்கள். தாக்குதல் வீடியோக்கள்தான் சுவாரஸ்யமாக இருந்தன என்றால், தயவுசெய்து யோசியுங்கள்.

படி 3: படிப்பையும் இடத்தையும் தேர்ந்தெடுத்தல்

இளங்கலையில் இதையே தனிப் பாடமாக எடுக்க வேண்டும் என்று அவசியமில்லை. வரலாறு, அரசியலறிவியல், சட்டம், உளவியல், புள்ளியியல், ஏதாவது ஒரு மொழி என்று எதைப் படித்திருந்தாலும் முதுகலையில் இதற்குள் வரலாம். சொல்லப்போனால், வேறொரு துறையில் ஆழமாகக் கால் ஊன்றிவிட்டு வருபவர்களே இங்கே பளிச்சென்று தெரிகிறார்கள். பொருளியல் தெரிந்தவர் பயங்கரவாத நிதி பற்றி எழுதும்போதும், அரபு தெரிந்தவர் மூலப் பிரசுரங்களைப் படிக்கும்போதும் மற்றவர்கள் எட்ட முடியாத இடத்துக்குப் போகிறார்கள்.

முதுகலைக்குப் பெயர்பெற்ற இடங்கள் சில. லண்டன் கிங்ஸ் கல்லூரியின் போர் ஆய்வுத் துறையில் உளவு, பயங்கரவாதம் இரண்டுக்கும் தனித்தனிப் படிப்புகள் உண்டு. ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸில் 1994 முதல் பயங்கரவாத ஆய்வு மையம் இயங்குகிறது. வேல்ஸின் அபெரிஸ்ட்வித்தில்தான் 1919 இல் உலகின் முதல் சர்வதேச அரசியல் துறை தொடங்கியது. உளவு ஆய்வுக்கும் அங்கே நீண்ட மரபு உண்டு. லைடன் பல்கலைக்கழகத்தின் ஹேக் நகர வளாகத்தில் ஆங்கிலவழி இளங்கலையே இருக்கிறது. வாஷிங்டனில் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தின் பாதுகாப்பு ஆய்வுப் படிப்பு அரசு வேலைக்குப் போக நினைப்பவர்களிடம் பிரபலம். கிளாஸ்கோ, டப்ளின், ட்ரென்டோ, பிராக் நகரப் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து நடத்தும் இரண்டாண்டு முதுகலையும் ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் முண்டஸ் திட்டத்தில் உண்டு. அதற்கு ஸ்காலர்ஷிப் வாய்ப்பு இருப்பதால் போட்டியும் கடுமை.

தரவரிசைப் பட்டியலை விட மாட்யூல் பட்டியலை நம்புங்கள். நான் பார்க்கச் சொல்வது நான்கு விஷயங்கள். ஆராய்ச்சி முறைகளுக்குக் கட்டாயப் பாடம் இருக்கிறதா? கிடைத்த தகவலை வைத்து நேரக் கெடுவுக்குள் அறிக்கை எழுதும் பயிற்சி இருக்கிறதா? உளவு அமைப்புகளின் சட்டக் கட்டுப்பாடு, மேற்பார்வை, மனித உரிமை பற்றிப் பாடம் இருக்கிறதா? கற்பிப்பவர்கள் கடைசி ஐந்தாண்டில் என்ன எழுதியிருக்கிறார்கள்? மூன்றாவதற்குப் பதில் 'இல்லை' என்றால் நான் அந்தப் படிப்பைப் பரிந்துரைக்க மாட்டேன். முன்னாள் அதிகாரிகளின் அனுபவக் கதைகளால் மட்டும் நிரம்பிய படிப்புகள் இருக்கின்றன. கேட்க நன்றாக இருக்கும், ஆனால் அந்தக் கதைகளை நீங்கள் சரிபார்க்க வழியே இருக்காது.

படி 4: விண்ணப்பம்

ஐஇஎல்டிஎஸ் ஆங்கிலத் தேர்வு, மதிப்பெண் சான்றிதழ், பரிந்துரைக் கடிதம் எல்லாம் மற்ற படிப்புகளுக்கு உள்ளதுபோலத்தான். கடைசித் தேதிகளை ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிவிடுங்கள்; ஸ்காலர்ஷிப் தேதி பல இடங்களில் சேர்க்கைத் தேதிக்கு முன்பே முடிந்துவிடும்.

எஸ்ஓபி-யில்தான் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள். 'சிறுவயது முதலே நாட்டுக்குச் சேவை செய்ய ஆசை', 'உளவாளிகள் என்றாலே எனக்கு ஆர்வம்', 'பயங்கரவாதம் இன்று உலகின் மிகப் பெரிய அச்சுறுத்தல்' என்ற மூன்று தொடக்கங்களையும் தேர்வுக் குழு சலிக்கச் சலிக்கப் படித்திருக்கும். மூன்றாவது, ஆதாரமில்லாத கூற்றும்கூட.

அதற்குப் பதிலாக ஒரு கேள்வியோடு தொடங்குங்கள். 'பெரு நாட்டின் ஒளிரும் பாதை என்ற ஆயுத இயக்கம் அதன் தலைவர் அபிமாயெல் குஸ்மான் 1992 இல் பிடிபட்டதும் சரிந்தது. தலைவர்களை இழந்த வேறு இயக்கங்கள் ஏன் சரியவில்லை?' இப்படி ஒரு கேள்வியும், அதற்கு இதுவரை என்ன படித்தீர்கள் என்பதும், அந்தப் பல்கலைக்கழகத்தில் யாரிடமிருந்து மேலே கற்க நினைக்கிறீர்கள் என்பதும் போதும்.

படி 5: முதல் பருவம், வரையறைச் சண்டை

வகுப்பு தொடங்கிய சில வாரங்களில் 'பயங்கரவாதம் என்றால் என்ன?' என்று ஒரு கட்டுரை கேட்பார்கள். எளிது என்று நினைத்து இறங்குபவர்கள் மாட்டிக்கொள்வார்கள். அலெக்ஸ் ஷ்மிட் என்ற டச்சு ஆய்வாளர் 1980-களில் 109 வரையறைகளைத் திரட்டி, அவற்றில் 22 கூறுகளைப் பிரித்தெடுத்தார். வன்முறை என்பது 83.5% வரையறைகளில் இருந்தது. அரசியல் நோக்கம் 65% இல். அச்சம் என்ற கூறு பாதியளவில்தான். ஐநா-வில் ஒரு பொது ஒப்பந்தம் இன்றுவரை முடியவில்லை. விடுதலைப் போராட்டங்களை எங்கே வைப்பது, அரசுகளின் வன்முறையை உள்ளே சேர்ப்பதா என்ற இரண்டு இடத்திலும் பேச்சு முட்டிக்கொண்டு நிற்கிறது.

அந்தச் சொல்லின் பிறப்பே அரசிடமிருந்துதான். 1793-94 இல் பிரெஞ்சுப் புரட்சி அரசு நடத்திய 'பயங்கர ஆட்சி'யிலிருந்து வந்தது அது. நெல்சன் மண்டேலாவின் பெயர் அமெரிக்காவின் பயங்கரவாதக் கண்காணிப்புப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது 2008 இல். அதற்கு 15 ஆண்டு முன்பே அவர் அமைதிக்கான நோபல் பரிசு வாங்கியிருந்தார்.

'ஆகவே எல்லாம் பார்ப்பவர் கண்ணைப் பொறுத்தது' என்று கட்டுரையை முடிப்பது சோம்பேறித்தனம். யார் செய்தார் என்பதை ஒதுக்கிவிட்டு, எதைச் செய்தார் என்பதை வைத்து வரையறுத்துப் பாருங்கள்: போரில் ஈடுபடாத மக்கள் வேண்டுமென்றே குறிவைக்கப்பட்டார்களா? தாக்கப்பட்டவரைத் தாண்டி வேறொரு கூட்டத்துக்குச் செய்தி சொல்லப்பட்டதா? உங்களுக்குப் பிடித்த இயக்கத்துக்கும் பிடிக்காத இயக்கத்துக்கும், இயக்கத்துக்கும் அரசுக்கும் ஒரே அளவுகோலை வையுங்கள். அந்த அளவுகோல் உங்களை எங்கேயாவது சங்கடப்படுத்தினால் சரியான பாதையில் போகிறீர்கள் என்று அர்த்தம்.

இந்தக் காலத்தில் பயங்கரவாத வரலாற்றை நான்கு அலைகளாகப் பிரிக்கும் டேவிட் ராபபோர்ட்டின் கோட்பாடு, பயங்கரவாதத்தின் காரணங்கள் பற்றி மார்த்தா கிரென்ஷா 1981 இல் எழுதிய கட்டுரை, அரசை மையமாக வைத்த பார்வையை எதிர்த்து வந்த விமர்சன ஆய்வுகள் மூன்றையும் படித்துவிடுங்கள்.

படி 6: பகுப்பாய்வு என்ற கைத்தொழில்

இந்தப் படிப்பில் எனக்கு மிகப் பிடித்த பகுதி இது. வேறு எந்த வேலைக்குப் போனாலும் கூடவே வரும்.

முதலில் மூலத்தைச் சந்தேகிக்கப் பழகுங்கள். 2003 பிப்ரவரி 5 அன்று அப்போதைய அமெரிக்க வெளியுறவு அமைச்சர் காலின் பவல் ஐநா பாதுகாப்பு அவையில், ஈராக்கிடம் நடமாடும் உயிரி ஆயுத ஆலைகள் இருப்பதாகச் சொன்னார். அதற்கு முக்கிய ஆதாரம் 'கர்வ்பால்' என்ற சங்கேதப் பெயர் கொண்ட ஓர் ஈராக்கியர். அவரை விசாரித்தது ஜெர்மன் உளவுத்துறை. போருக்கு முன் அமெரிக்கர்கள் அவரை நேரடியாக விசாரிக்கவே இல்லை. சொன்னது பொய் என்று பின்னால் தெரிந்தது. நம் வள்ளுவர் ஒற்றாடல் என்று ஓர் அதிகாரமே வைத்திருக்கிறார், 59 ஆவது. ஓர் ஒற்றர் கொண்டுவந்ததை இன்னோர் ஒற்றரை வைத்துச் சரிபார், ஒருவரை ஒருவர் அறியாத மூவர் சொல்வது ஒத்துப்போனால் ஏற்றுக்கொள் என்கிறார். இதில் 'ஒருவரை ஒருவர் அறியாத' என்பதுதான் உயிர்நாடி. ஒரே ஊற்றிலிருந்து வந்த செய்தி மூன்று வாய்க்கால் வழியாக வந்தால் அது மூன்று சாட்சி ஆகாது. இணையத்தில் ஒரு செய்தியை பத்துத் தளங்கள் போட்டிருந்தாலும் இதே கதைதான்.

அடுத்து, கருதுகோள்களை மோதவிடுவது. சிஐஏ-வில் பணியாற்றிய ரிச்சர்ட்ஸ் ஹோயர் இதற்கு ஒரு முறை வகுத்தார். ஒரு தாளில் சாத்தியமான விளக்கங்களை மேலே வரிசையாக எழுதுங்கள். இடது பக்கம் ஆதாரங்கள். ஒவ்வோர் ஆதாரமும் ஒவ்வொரு விளக்கத்தோடும் ஒத்துப்போகிறதா, முரண்படுகிறதா என்று கட்டங்களை நிரப்புங்கள். எதற்கு அதிக ஆதாரம் என்று எண்ணாதீர்கள். எதற்கு மிகக் குறைந்த முரண்பாடு என்று பாருங்கள். எல்லா விளக்கத்தோடும் ஒத்துப்போகிற ஆதாரத்தால் ஒரு பயனும் இல்லை. 1973 அக்டோபரில் எகிப்துப் படைகள் சூயஸ் கால்வாய் ஓரம் குவிந்தபோது, 'பயிற்சி', 'போர்' என்ற இரண்டோடும் அந்தக் காட்சி ஒத்துப்போனது. நீண்ட தூர விமானங்களும் ஏவுகணைகளும் கிடைக்கும்வரை எகிப்து போருக்கு வராது என்ற முன்முடிவு இஸ்ரேலிய ராணுவ உளவுத்துறையில் வேரூன்றியிருந்ததால், அவர்கள் பயிற்சி என்றே படித்தார்கள். போர் வந்தது.

மூன்றாவது, எண்ணோடு பேசுவது. பிரிட்டனின் உளவு ஆய்வாளர்கள் ஓர் அளவுகோல் வைத்திருக்கிறார்கள். 'நடக்க வாய்ப்புண்டு' என்றால் 55 முதல் 75 சதவீதம். 'நடக்க மிகவும் வாய்ப்புண்டு' என்றால் 80 முதல் 90. 'ஏறக்குறைய உறுதி' என்றால் 95-க்கு மேல். தமிழில் நீங்களே இப்படி ஒன்று செய்து பாருங்கள். 'ஒருவேளை', 'இருக்கலாம்', 'அநேகமாக', 'பெரும்பாலும்', 'கண்டிப்பாக' என்ற ஐந்தையும் நண்பர்கள் பத்துப் பேருக்கு அனுப்பி எண் கேளுங்கள். 1951 இல் கென்டுக்கு ஏற்பட்ட அதிர்ச்சி உங்களுக்கும் வரும்.

கடைசியாக ஒரு கணக்கு. பத்து லட்சம் பேர் உள்ள இடத்தில் 100 பேர் தாக்குதல் நடத்தக்கூடியவர்கள் என்று வைத்துக்கொள்வோம். 99% சரியாகக் கண்டுபிடிக்கும் ஒரு மென்பொருள் வந்துவிட்டது. அது உண்மையான 100 பேரில் 99 பேரைப் பிடிக்கும். மீதி 9,99,900 அப்பாவிகளில் ஒரு சதவீதம், அதாவது 9,999 பேரையும் சேர்த்துப் பிடிக்கும். பிடிபட்டவர்களில் நூற்றுக்கு ஒருவர்கூட உண்மையான ஆள் இல்லை. 'சந்தேகப் பட்டியல்' என்று எங்கே கேட்டாலும் இந்தக் கணக்கை முதலில் போட்டுப் பார்ப்பேன். தவறாகப் பட்டியலில் விழுந்த அந்த 9,999 பேருக்கும் வேலை, பயணம், குடும்பம் எல்லாம் இருக்கிறது.

படி 7: தரவுகளோடு பழகுதல்

எக்செல் தெரிந்தால் தொடங்கலாம். ஆர் அல்லது பைத்தான் என்ற நிரல்மொழி கொஞ்சம் கற்றுக்கொண்டால் நல்லது. எல்லோரும் போய் நிற்கும் முதல் இடம் அமெரிக்காவின் மேரிலாந்து பல்கலைக்கழகம் தொகுத்த உலகப் பயங்கரவாதத் தரவுத்தளம். 1970 முதல் 2020 வரையிலான 2 லட்சத்துக்கும் மேற்பட்ட சம்பவங்கள் அதில் உள்ளன. வரைபடம் போடும் முன் அதன் விளக்கக் கையேட்டைப் படியுங்கள். 1993 ஆம் ஆண்டின் தரவு தொலைந்துபோனது. அந்த ஆண்டு வரைபடத்தில் பள்ளமாகத் தெரிவதை அமைதி என்று எழுதிவிட்டு அவமானப்பட்ட மாணவர்கள் உண்டு. தரவு திரட்டிய முறையும் இடையிடையே மாறியிருப்பதால், எண்ணிக்கை கூடினால் அது தாக்குதல் கூடியதாலா, எண்ணும் முறை மாறியதாலா என்று கேட்க வேண்டும். அரசுகள் செய்யும் வன்முறை இதில் கணக்கில் வராது. செய்தி எட்டாத ஊர்களில் நடந்ததும் குறைவாகத்தான் பதிவாகியிருக்கும்.

வெளிப்படையாகக் கிடைக்கும் படங்களை வைத்து ஆராய்வதும் ஒரு தனித் திறமை. 2014 ஜூலை 17 அன்று உக்ரைன் வானில் எம்எச்17 என்ற மலேசியப் பயணிகள் விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டபோது, பொதுமக்கள் எடுத்துப் போட்ட படங்களையும் வீடியோக்களையும் வைத்தே ஏவுகணை வண்டி வந்த வழியை பெல்லிங்கேட் என்ற இணையப் புலனாய்வுக் குழு வரைந்து காட்டியது. நிழல் விழும் திசை, கடைப் பலகை, மின்கம்பத்தின் வடிவம் ஆகியவற்றைக் கொண்டு ஒரு படம் எங்கே எடுக்கப்பட்டது என்று கண்டுபிடிக்க வாரம் ஒரு முறை பயிற்சி செய்யுங்கள். தெரிந்தவர்கள், தனிமனிதர்கள் படங்களில் மட்டும் இதைச் செய்து பார்க்காதீர்கள்.

படி 8: சட்டம், நெறி, உங்கள் மன நலம்

இந்தப் பகுதியைத் தாண்டிப் போகாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன்.

பல நாடுகளில் சில ஆவணங்களை வைத்திருப்பதே குற்றம். பிரிட்டனின் 2000 ஆம் ஆண்டு பயங்கரவாதச் சட்டத்தின் 58 ஆவது பிரிவு, தாக்குதலுக்குப் பயன்படக்கூடிய தகவலை வைத்திருப்பதைக் குற்றமாக்குகிறது. 2019 இல் வந்த திருத்தம் இணையத்தில் பார்ப்பதையும் சேர்த்தது. அதிகபட்சத் தண்டனை 15 ஆண்டு. கல்வி ஆய்வு நியாயமான காரணமாக ஏற்கப்படும், சரி. ஆனால் அதைக் காட்ட உங்களிடம் காகிதம் இருக்க வேண்டும். 2008 இல் அங்கே ஒரு முதுகலை மாணவர், அமெரிக்க அரசுத் தளத்திலேயே கிடைத்த ஓர் ஆவணத்தைத் தன் ஆய்வுக்காகப் பதிவிறக்கியதற்குக் கைதாகி, குற்றச்சாட்டு ஏதும் இல்லாமல் பல நாள் காவலில் இருந்தார். பின்னால் காவல்துறை அவருக்கு இழப்பீடு கொடுத்தது.

அதனால் வரிசை இதுதான். முதலில் வழிகாட்டிப் பேராசிரியரிடம் எழுத்தில் சொல்லுங்கள். பல்கலைக்கழக நெறிக்குழுவின் அனுமதி வாங்குங்கள். பல்கலைக்கழகம் ஒதுக்கித் தரும் பாதுகாப்பான கணினியிலோ சேமிப்பிடத்திலோ மட்டும் அந்த ஆவணங்களை வையுங்கள். நண்பர்களுக்கு அனுப்பாதீர்கள். எந்தக் குழுவின் அரட்டை அறைக்குள்ளும் வேறு பெயரில் தனியாக நுழையாதீர்கள்.

மனிதர்களைப் பேட்டி எடுப்பதாக இருந்தால், காப்பாற்ற முடியாத வாக்கைக் கொடுக்காதீர்கள். அமெரிக்காவின் பாஸ்டன் கல்லூரி வட அயர்லாந்தின் முன்னாள் ஆயுதக் குழுவினரிடம் வாய்மொழி வரலாறு திரட்டியது. நீங்கள் உயிரோடு இருக்கும்வரை வெளியிட மாட்டோம் என்று பேசியவர்களிடம் சொல்லப்பட்டிருந்தது. 2011 இல் நீதிமன்ற ஆணைகள் வந்தன. ஒலிநாடாக்களில் ஒரு பகுதி காவல்துறைக்குப் போனது. நம்பிப் பேசியவர்களின் உயிருக்கே ஆபத்து வரக்கூடிய நிலை. முதுகலை ஆய்வேட்டுக்கு ஏற்கெனவே வெளிவந்த பேட்டிகளும் நீதிமன்ற ஆவணங்களும் போதும் என்பது என் உறுதியான கருத்து.

கொடூரமான படங்களை ஒலி இல்லாமல், சிறிய திரையில், பகல் நேரத்தில் பாருங்கள். பார்க்காமலே எழுத முடிந்தால் பார்க்கவே வேண்டாம். தூக்கம் கெடத் தொடங்கினால் அது பலவீனம் இல்லை. உடனே ஆலோசகரிடம் போங்கள். நான் ஒரு முழுப் பருவம் அதைச் சொல்லாமல் இழுத்தடித்தேன், செய்திருக்கக் கூடாது.

படி 9: ஆய்வேடு

தலைப்பு சிறியதாக இருக்கட்டும். 'பயங்கரவாதத்தின் காரணங்கள்' என்ற தலைப்பில் 15,000 சொல் எழுத முடியாது. 'ஸ்பெயினின் பாஸ்க் பிரிவினை ஆயுதக் குழுவான ஈடிஏ 2018 இல் தன்னைக் கலைத்துக்கொண்ட முடிவை அதன் கடைசிப் பத்தாண்டு அறிக்கைகள் எப்படி முன்னறிவித்தன' என்றால் எழுதலாம்.

அடிக்கடி நடக்கும் தவறு ஒன்று உண்டு. வன்முறைக்குப் போன 20 பேரின் வாழ்க்கையை எடுத்துப் பார்த்து, 'பெரும்பாலானோர் வேலையில்லாதவர்கள், ஆகவே வேலையின்மையே காரணம்' என்று எழுதுவது. வேலையில்லாத எத்தனையோ லட்சம் பேர் அப்படிப் போகவில்லையே? போகாதவர்களையும் சேர்த்து ஒப்பிட்டால்தான் அது ஆய்வு.

மூல ஆவணங்கள் கிடைக்காது என்று பயப்பட வேண்டாம். சிஐஏ-வின் இணைய வாசிப்பறை, லண்டனின் கியூ பகுதியில் உள்ள பிரிட்டிஷ் தேசிய ஆவணக் காப்பகம், 1985 இல் தொடங்கி இப்போது ஜார்ஜ் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் இயங்கும் தேசியப் பாதுகாப்பு ஆவணக் காப்பகம் மூன்றிலும் ரகசியம் நீக்கப்பட்ட ஆவணங்கள் ஏராளம். கறுப்பு மை பூசி மறைத்த வரிகள் இருக்கும். மறைக்கப்பட்டது இன்னதுதான் என்று நீங்களாக நிரப்பிக்கொள்ளாதீர்கள்.

படி 10: வேலை

இந்தப் பட்டம் வாங்கினால் உளவுத்துறையில் வேலை கிடைக்கும் என்று எந்தப் பல்கலைக்கழகமும் உறுதி தர முடியாது. சிஐஏ-வில் சேர அமெரிக்கக் குடியுரிமை வேண்டும். எம்ஐ5, எம்ஐ6 இரண்டிலும் பிரிட்டிஷ் குடியுரிமை வேண்டும். வெளிநாட்டு மாணவராகப் போய்ப் படித்துவிட்டு அந்த நாட்டு உளவுத்துறையில் நுழையும் கனவை விமானம் ஏறும் முன்பே இறக்கி வைத்துவிடுங்கள். சொந்த நாட்டு அமைப்புகளுக்கும் அவற்றுக்கான தேர்வு முறைகள்தான் வழி. பட்டம் ஒரு துணை.

உண்மையில் இதைப் படித்தவர்கள் போய்ச் சேரும் இடங்கள் வேறு. வங்கிகளில் பணச்சலவைத் தடுப்பு, நிதிக் குற்றப் பிரிவுகள். பல நாடுகளில் இயங்கும் நிறுவனங்களுக்கு அரசியல் அபாயம் பற்றி எழுதும் ஆய்வாளர் வேலை. இணையப் பாதுகாப்பு நிறுவனங்களில் தாக்குதல் குழுக்களைக் கண்காணிக்கும் பிரிவு. சமூக ஊடகத் தளங்களில் தீவிரவாதப் பதிவுகளைக் கையாளும் குழுக்கள். மனிதாபிமான உதவி அமைப்புகளில் பணியாளர் பாதுகாப்பு. பத்திரிகை. இவற்றில் எதற்குப் போனாலும் நேர்முகத்தில் கேட்பது ஒன்றுதான்: இரண்டு பக்கத்தில் எழுதிய மாதிரி ஏதாவது இருக்கிறதா?

ஆகவே படிக்கும்போதே மாதம் ஒன்று எழுதிச் சேர்த்து வையுங்கள். ஒரே கேள்வி, இரண்டு பக்கம். முடிவு முதல் வரியில். எந்த ஆதாரத்தால் சொல்கிறீர்கள், எவ்வளவு உறுதியாகச் சொல்கிறீர்கள், எது தெரிய வந்தால் கருத்தை மாற்றிக்கொள்வீர்கள் என்ற மூன்றும் அதில் இருக்க வேண்டும். தேதி போட்டு வையுங்கள். ஆறு மாதம் கழித்து எடுத்து, எத்தனை சரி, எத்தனை தவறு என்று பக்கத்திலேயே குறியுங்கள். தவறிப்போனவற்றையும் கோப்பில் விட்டுவிட்டே நேர்முகத்துக்குக் கொண்டு போங்கள்.